பெயர்ப் பட்டியலில் தடுமாறும் எல்எம்எஸ்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் பொறியியல் கல்லூரி சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் கற்றல் மேலாண்மை அமைப்பின், அதாவது பாடக் குறிப்பு, ஒப்படைப்பு, மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் கையாளும், எல்லோரும் எல்எம்எஸ் என்று சொல்லும் மென்பொருளின், ஒப்பந்தம் இந்தப் பருவத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கச் சொல்லி, மாணவர் ஒருவருக்கான ஆண்டுக் கட்டணத்தைக் கணிசமாகக் குறைத்து நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறது. குறைந்த விலையைக் கேள்விப்பட்ட தாம்பரம் பக்கத்துக் கல்லூரி நண்பர் ஒருவர், அங்கே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பதால், இதை நம்பி வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கும் பதிலாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன். என்னென்ன வசதிகள் உண்டு என்பதை எந்த விலைப்பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்வதே நியாயம். இந்த மென்பொருள் தேர்வு நேரத்தில் ஒருமுறைகூட எங்களைக் கைவிட்டதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் மின்சாரமும் இணையமும் இல்லாமல் மாணவர்கள் தவித்தபோது, கைபேசிச் செயலியில் முன்பே இறக்கி வைத்திருந்த பாடக் குறிப்புகள் இணையம் இல்லாமலே திறந்தன. பொறியியல் படிப்புகளுக்கு என்பிஏ, அதாவது தேசிய அங்கீகார வாரியம், தரும் அங்கீகாரத்துக்குத் தேவையான பாட விளைவு அறிக்கையை (பாடத்தை முடித்த மாணவர்கள் எதையெல்லாம் செய்யக் கற்றிருக்கிறார்கள் என்ற அளவீட்டை), ஒவ்வொரு வினாவுக்கும் நாம் கொடுத்த குறியீட்டை வைத்து அதுவே கணக்கிட்டுத் தருகிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானதிலிருந்து விளைவுசார் கல்வி என்ற பெயரில் எங்கள் மேசைமேல் ஏறிய காகிதச் சுமையைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் எதிர்பாராமல் விரும்பத் தொடங்கிய வசதி ஒன்றும் இதில் இருக்கிறது. ஒப்படைத்த அறிக்கையைத் திருத்தும்போது, எழுதுவதற்குப் பதிலாகக் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவரின் புராஜெக்ட் அறிக்கையில் மூன்றாம் அத்தியாயம் ஏன் நிற்கவில்லை என்பதை ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால், அவர் படிப்பது மதிப்பெண்ணை மட்டுமே. அதையே, "இந்தப் படத்தைப் பாருங்க, இதுல வர்ற அளவுக்கும் அடுத்த பக்கத்து அட்டவணைக்கும் ஏன் பொருந்தல?" என்று தமிழில் பேசி அனுப்பினால், செங்கல்பட்டு ரயிலில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு இரண்டு முறை கேட்டுவிட்டு, மறுநாள் திருத்திக் கொண்டுவருகிறார். கடைசி வரிசையில் அமர்ந்து வாய் திறக்காத மாணவர்கள் பதிலுக்குத் தங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஆசிரியராக எனக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்த மென்பொருளும் செய்ததில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். அது ஒன்றே ஒன்றுதான் என்றாலும், மதிப்பெண் பதியும் ஒவ்வொரு முறையும் எதிரே வந்து நிற்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் நிரம்பினால்தான் இந்த மென்பொருள் கணக்கைத் திறக்கும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு பெயரும் இனிஷியலும்தான் உண்டு. பட்டியலைப் பதிவேற்றிய அலுவலர்கள் மாறிக்கொண்டே இருந்ததால், இரண்டாவது பெட்டி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு விதமாக நிரம்பியிருக்கிறது. சிலருக்கு ஒற்றை எழுத்தும், சிலருக்குத் தந்தையின் முழுப்பெயரும், சிலருக்கு வெறும் புள்ளியும், இன்னும் சிலருக்கு அவரவர் பெயரே மறுபடியும் அதில் இருக்கிறது. மென்பொருளோ வகுப்புப் பட்டியலைக் குடும்பப்பெயரின் அகரவரிசையில்தான் அடுக்குகிறது. ஆகவே புள்ளி வைத்தவர்கள் உச்சியில் நிற்கிறார்கள், எஸ் இனிஷியல் உள்ளவர்கள் ஒரு பெருங்கூட்டமாகச் சேர்ந்துவிடுகிறார்கள், தந்தை பெயர் நிரப்பப்பட்டவர்கள் எங்கோ நடுவில் சிதறிக் கிடக்கிறார்கள்.

கல்லூரியில் எங்கள் வேலை முழுவதும் பதிவெண் வரிசையில் நடக்கிறது. வருகைப் பதிவேடு, விடைத்தாள் கட்டு, ஆய்வகக் குறிப்பேடு, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை ஏற்றும் பல்கலைக்கழகத் தளம் ஆகிய எல்லாவற்றிலும் அதே வரிசைதான். கட்டின் மேலே இருக்கும் முதல் விடைத்தாளுக்குரிய மாணவர் திரையில் எங்கோ கீழே இருப்பார். தேடிப் பிடித்து மதிப்பெண்ணைப் பதிந்து சேமித்தால், பட்டியல் மறுபடியும் உச்சிக்குப் போய்விடும். இரண்டாவது தாளுக்கு மீண்டும் தேட வேண்டும். அறுபது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு தேர்வுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் எஸ் இருந்தால், அடுத்தடுத்த வரியில் நிற்கும் இருவரில் யார் எவர் என்று அறியச் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து பதிவெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

மொத்தமாகக் கோப்பில் பதியலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. இறக்கிய கோப்பை விரிதாளில் திறந்தால், 12 இலக்கப் பதிவெண் 7.1E+11 என்பது போன்ற அறிவியல் குறியீட்டு வடிவத்துக்குச் சுருங்கி, வகுப்பு முழுவதற்கும் ஒரே எண் போலத் தெரிகிறது. கவனிக்காமல் அதை அப்படியே, தரவை வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், மாணவரை அடையாளம் காட்டும் கடைசி இலக்கங்கள் அழிந்துவிடுகின்றன. பதிவெண் என்பது கூட்டிக் கழிக்கும் எண் இல்லை, எழுத்தாகவே கையாள வேண்டிய அடையாளம் என்பது கல்லூரிக்காகச் செய்யப்படும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது வசதிக்குறைவு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். தாயின் இனிஷியலையே தன் பெயருக்கு முன்னால் எழுதும் மாணவி ஒருவர், தன்னுடைய கணக்கில் தந்தையின் பெயர் முழுதாகத் தெரிவதாகவும், வகுப்பு விவாதப் பகுதியில் தான் எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் மேலே அது வந்து நிற்பதாகவும் சொல்லி, நீக்கித் தர முடியுமா என்று ஆசிரியர் அறைக்கு வந்து கேட்டார். அலுவலகம் பழைய சான்றிதழைப் பார்த்து இரண்டாவது பெட்டியை நிரப்பியிருக்கிறது. பெட்டியை வெறுமையாக விட மென்பொருள் மறுத்ததால், ஒரு புள்ளியை வைத்தார்கள். அந்தப் புள்ளி இன்றும் அவர் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. தன்னைப் பற்றிய தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கும் நாட்டில், ஒரு மாணவி தன் பெயரைத் தான் எழுதுகிறபடி வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

இந்தக் குறைக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். 2001இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முயற்சியில் வெளிவந்த, மின்பாடங்களை எல்எம்எஸ்ஸோடு இணைக்கும் ஸ்கார்ம் 1.2 என்ற தரநிலை, மாணவரின் பெயரைக் குடும்பப்பெயர், காற்புள்ளி, முதற்பெயர் என்ற வடிவத்தில்தான் கேட்கிறது. வகுப்புப் பட்டியல்களைப் பரிமாறும் ஒன்ரோஸ்டர் 1.1 தரநிலையில் இரு பெயர்களும் கட்டாயம். இன்னொரு புறம், பெயரை இரண்டாகப் பிரித்துக் கேட்பது உண்மையிலேயே தேவையா என்று யோசியுங்கள் என இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு மென்பொருள் செய்பவர்களுக்கு நெடுநாளாக அறிவுரை சொல்லிவருகிறது. ஆகவே இந்த நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்வது முறையாகாது. ஆனால் பதிவெண் வரிசையில் அடுக்கும் ஒரு பொத்தானை வைக்க எந்தத் தரநிலையும் தடை சொல்லவில்லை. அதைக் கேட்டு நாங்கள் அனுப்பிய கோரிக்கைகளுக்கெல்லாம், அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்ற ஒரே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது.

தேர்வுக் குழுவில் இருக்கும் நண்பருக்கு இங்கேதான் என் முக்கியமான சொல். பொதுவாகக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எல்எம்எஸ்ஸைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லோருக்கும் தெரியும். வசதிகளை ஒரு நீண்ட அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு நிறுவனத்திடமும் உண்டு, இல்லை என்று நிரப்பச் சொல்கிறார்கள், பிறகு செயல்விளக்கம், தொழில்நுட்ப உறை, விலை உறை என இரண்டு உறைகள், கடைசியில் தகுதி பெற்றவர்களுள் குறைந்த விலை. அரசுப் பல்கலைக்கழகங்கள் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் அவற்றுக்கு ஒப்பந்தப்புள்ளி முறை கட்டாயம்; தனியார் கல்லூரிகளும் பெரும்பாலும் அதே அச்சில்தான் வாங்குகின்றன. அந்த ஒழுங்கில் தவறில்லை. ஆனால் "மதிப்பெண் பதிவு: உண்டு" என்ற வரியில், எந்த வரிசையில், எத்தனை சொடுக்கில் என்பது இல்லை. எங்கள் கல்லூரியில் நடந்த செயல்விளக்கத்தில் காட்டப்பட்ட மாதிரி வகுப்பில் பத்து மாணவர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் அழகான இரட்டைப் பெயர். பட்டியல் உச்சிக்குத் தாவுவதைப் பத்துப் பேர் உள்ள திரையில் யாராலும் பார்க்க முடியாது. முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டாளர், கணினிப் பிரிவுத் தலைவர், நூலகர் என்று அமர்ந்திருந்த குழுவில், வாரந்தோறும் விடைத்தாள் கட்டைச் சுமக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவருக்கும் இடமில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க மூடுல் என்ற இன்னொரு எல்எம்எஸ்ஸைச் சொல்லலாம். 2002இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து மார்ட்டின் டூஜியாமஸ் வெளியிட்ட அந்தக் கட்டற்ற மென்பொருளிலும் பெயருக்கு இரண்டு பெட்டிகள் கட்டாயம்தான். ஆனால் பெயர் எப்படிக் காட்டப்பட வேண்டும், அதன் அருகே பதிவெண் தெரிய வேண்டுமா என்பதை நிர்வாகியே அமைப்புப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் மொழித் தொகுப்பும் உண்டு. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. சர்வருக்கும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆளுக்கும் ஆண்டு முழுவதும் சம்பளம் வேண்டும், அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் கல்லூரியே திண்டாடும். இருந்தாலும் அங்கே சேரும் வினா வங்கியை ஒரு கோப்பாக வெளியே எடுத்து வேறிடத்தில் ஏற்ற முடியும். எங்கள் மென்பொருளிலிருந்து வினாக்கள் பிடிஎஃப்பாக மட்டுமே வெளியே வருகின்றன. பல ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கிய வினாக்களை வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், ஒவ்வொன்றாக மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும். விலையைக் குறைக்கும் துணிச்சல் அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இதில்தான் புரிந்தது.

எங்கள் குழு கருத்துக் கேட்டபோது, புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். நிலைத்து நிற்பதிலும், செயலியிலும், குரல் பதிவிலும் இதற்கு நிகராக நான் பயன்படுத்திய வேறெதுவும் இல்லை. அதையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன். மதிப்பெண் போட்டுப் பார்த்தால் பத்துக்கு எட்டு கொடுக்க வேண்டிய மென்பொருள்தான். ஆனாலும் இன்னொரு பருவம் முழுவதும் அந்தப் பட்டியலுக்குள் என் மாணவர்களைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

நண்பர் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிறுவனத்தின் மாதிரி வகுப்பை ஏற்காதீர்கள். மாணவர்களின் ஒப்புதலோடு, உங்கள் கல்லூரியின் மிகப் பெரிய வகுப்பின் பெயர்ப் பட்டியலை இனிஷியலும் பதிவெண்ணும் உள்ளபடியே சோதனைத் தளத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஓர் உதவிப் பேராசிரியரை உட்காரவைத்து, விடைத்தாள் கட்டைக் கையில் கொடுத்து, முதல் தாளிலிருந்து பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றும் கோப்பு வரை அவரே செய்யட்டும். நிறுவனத்தின் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அன்றே வினா வங்கியை வெளியே எடுத்து மூடுலில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இவை இரண்டும் முடிந்த பிறகு விலை உறையைப் பிரித்தால் போதும்.