எல்71 என்று அறிக்கை கொடுத்தார்கள், 42,000 டாலர் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1967 செவர்லே கார்வெட் கன்வெர்டிபிள் (கூரை மடங்கும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை, எல்71 என்ற உயர்சக்தி எஞ்சினோடு ஆலையில் இருந்தே வந்தது என்று நம்பி வாங்கியதில் 42,000 டாலர் நஷ்டம். விற்றவர் பொய் சொன்னார், அது தனிக் கதை. என் வயிறு எரிவது இன்னொரு இடத்தில். பழைய கார்களின் ஃபேக்டரி ஆப்ஷன் கோட்களை (ஆலையில் எந்த எஞ்சின், எந்த வசதி வைத்தார்கள் என்பதற்கான குறியீடுகளை) பிரித்து "சரிபார்த்த அறிக்கை" தரும் ஆன்லைன் சேவை ஒன்றுக்கு 275 டாலர் கட்டி, அந்த அறிக்கையை நம்பித்தான் பணத்தை அனுப்பினேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அந்த வருடம் 427 கன அங்குல எஞ்சின் பல வகையில் வந்தது. எல்36 என்றால் ஒரே கார்புரேட்டர், 390 குதிரைசக்தி. எல்68 என்றால் மூன்று கார்புரேட்டர், 400. எல்71 என்றால் அதே மூன்று கார்புரேட்டர், ஆனால் சாலிட் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் திடமான பாகம்), காற்று போகும் வழி பெரிதாக உள்ள ஹெட், 435. எல்71 மொத்தம் 3,754 தான் செய்தார்கள். பானெட்டைத் திறந்து மூன்று கார்புரேட்டரைப் பார்த்துவிட்டால் எதுவும் நிரூபணம் ஆகாது. எல்68-லும் அதேதான் இருக்கும், எல்36-இல் பின்னால் மாட்டியும் விடலாம்.

வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் பார்த்தாலும் தெரியாது. 1 செவர்லே, 94 கார்வெட், 67 கன்வெர்டிபிள், அடுத்த 7 வருடம், எஸ் செயின்ட் லூயிஸ் ஆலை, பிறகு ஆறு இலக்க வரிசை எண். அவ்வளவுதான். எஞ்சினுக்கான எழுத்து வின்னுக்குள் வந்ததே 1972-இல். டேஷுக்குக் கீழே இருக்கும் ட்ரிம் டேக் என்ற சின்னத் தகட்டில் பெயின்ட், உள் அலங்காரம், பாடி கட்டிய தேதி இருக்கும், ஆப்ஷன் இருக்காது. கனடாவில் விற்ற கார் என்றால் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடாக் கிளையிடம் ஆவணம் வாங்கலாம், அமெரிக்காவில் விற்றதற்கு அந்த வழியும் இல்லை. ஆக பெரும்பாலும் மிஞ்சுவது பெட்ரோல் டேங்க்கின் மேல் ஆலையில் ஒட்டிய, ஆப்ஷன் கோட்கள் அச்சிட்ட ஸ்டிக்கர்தான். அதனால்தான் அதைப் போலியாக அடிக்கிறார்கள்.

என்னை விழவைத்த நேரத்தைச் சொல்கிறேன். முன்பணம் கட்ட வெள்ளிக்கிழமை இரவு வரைதான் கெடு. அன்று மாலை ஆறரைக்கு அறிக்கையின் முதல் பக்கம் மட்டும் மெயிலில் வந்தது. பச்சை நிற முத்திரை. அதன் கீழே, "எஞ்சின் பேட் முத்திரை ஜேஇ: எல்71. டேங்க் ஸ்டிக்கருடன் பொருந்துகிறது. உறுதி." முழுப் பட்டியல் திங்கட்கிழமை வரும் என்றார்கள். எஞ்சின் பேட் என்றால் எஞ்சின் பிளாக்கில் குறியீடு குத்தும் தட்டையான இடம். ஜேஇ என்பது நான்கு கியர் எல்71-க்கு உரிய எழுத்துதான். "உறுதி" என்று எழுதியிருக்கிறதே, காசு வாங்கிக்கொண்டு பார்த்தவர்கள் சொல்கிறார்களே என்று அனுப்பிவிட்டேன். வண்டி வந்ததும் மீதியையும் கொடுத்தேன்.

முழுப் பட்டியல் வந்தது பதினொரு நாள் கழித்து. மூன்றாவது வரி எல்71. ஆறாவது வரி சி60. சி60 என்றால் ஏசி. 1967-இல் எல்71-உடன் ஏசி தரவே இல்லை! எல்36-க்கு உண்டு, எல்68-க்கு உண்டு, 435 குதிரைசக்திக்குக் கிடையாது. இரண்டு வரிகளுக்கும் நேராக அழகாக விளக்கம் எழுதி, இரண்டுக்கும் பச்சை டிக் போட்டிருக்கிறார்கள். பிறந்தபோது அது ஏசி வைத்த எல்36. யாரோ ஏசி சாமான்களைக் கழற்றி, பழைய ஸ்டிக்கரைப் பார்த்தே புதிது அடித்து, எஞ்சின் வரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சி60-ஐ எடுக்க மறந்துபோனார்கள்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். ஸ்டார்ட்டர் பக்கம் அழுக்கைத் துடைத்தால் பிளாக் வார்த்த தேதி, கே 22 6. ஏ ஜனவரி என்று எண்ணிக்கொண்டு வந்தால் கே நவம்பர், அதாவது 1966 நவம்பர் 22. பேட் முத்திரையோ டி1016ஜேஇ. டோனவாண்டா ஆலை, அக்டோபர் 16. வார்ப்பதற்கு ஐந்து வாரம் முன்னாலேயே எஞ்சினைப் பூட்டிவிட்டார்களாம்! பயணி பக்கம் ஹெட்டுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பேட்டில், ஆலையில் மட்டம் செய்யும்போது விழும் மெல்லிய இணைகோடுகள் முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். இங்கே அரத்தால் இழைத்த சுழிகள். அதன் மேல் வின்னின் கடைசி எண்கள் புத்தம்புதுக் கூர்மையோடு நிற்கின்றன.

ஸ்பேர் டயர் தொட்டியைக் கழற்றி டேங்க்கை இறக்கினோம். ஸ்டிக்கரின் முன்பக்கம் ஐம்பது வருடப் பழுப்பு. ஒரு முனை லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, பசை விரலில் ஒட்டுகிறது.

இத்தனை படத்தையும் அந்தச் சேவைக்கு அனுப்பினேன். முதல் பதில்: "நீங்கள் தந்த படங்களை வைத்துத்தான் அறிக்கை." பேட் படமும் ஸ்டிக்கர் படமும் அவர்களிடம் இருந்தவைதானே? இரண்டாவது பதில்: "ஒவ்வொரு கோட்டின் பொருளையும் சரியாகத்தான் தந்திருக்கிறோம்." ஆமாம், பட்டியலைப் பார்த்துப் பொருள் எழுத யாராலும் முடியும். இரண்டு கோட்கள் ஒரே வண்டியில் சேர்ந்து நிற்குமா என்று பார்க்கத்தானே 275 டாலர்? மூன்றாவது முறை போன் செய்தேன். அடுத்த அறிக்கைக்குப் பாதி விலைக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 42,000 டாலர் போனவனுக்குக் கூப்பன்!

நிதானமாகப் பட்டியல் போட்டு எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப் பட்டியல் கைக்கு வராமல் முன்பணம் கட்டாதீர்கள். வார்ப்புத் தேதிக்குப் பிறகுதான் எஞ்சின் பூட்டிய தேதி வர வேண்டும், பிசகினால் நகர்ந்துவிடுங்கள். பேட்டை நேராக ஒன்று, சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று என இரண்டு படம் கேளுங்கள். ஸ்டிக்கரின் படம் போதாது, டேங்க்கின் மேல் ஒட்டியிருக்கும்போதே சின்னக் கேமரா விட்டுப் பாருங்கள். லிஃப்டில் ஏற்ற விடமாட்டேன் என்று சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நாலாவது மெயில் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. அதே பச்சை முத்திரையோடு இன்றைக்கும் விளம்பரம் ஓடுகிறது.