பிளீச்சிங் பவுடரா, டோசரா?

ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலக்கப் பழைய வழி பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, தூளிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். தூளை அப்படியே கொட்டினால் தொட்டியடியில் வண்டல்தான் சேரும். மின்சாரம் வேண்டாம், செலவும் குறைவு. ஆனால் புதுத் தூளில் 33 சதவீதம் வரை இருக்கும் குளோரின், திறந்த மூட்டையில் ஈரம் பட்டால் மளமளவென்று குறையும். வாடை மட்டும் மூக்கைத் துளைக்கும்! அப்புறம், தினமும் ஏணி ஏற வேண்டும். அடைமழையில் யார் ஏறுவார்?

டோசர் என்பது குளோரினைத் தானாகக் கலக்கும் கருவி; கீழேயே இருக்கும். மோட்டார் ஓடும்போது, குளோரின் தரும் ஹைப்போகுளோரைட் கரைசலைக் குழாய்க்குள் அளவாகச் செலுத்தும். ஏணி வேலை மிச்சம். கரைசலை நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் அதுவும் வீரியம் இழக்கும். உப்புக் கூடிய போர்வெல் தண்ணீர் என்றால் கரைசல் குழாய்க்குள் இறங்கும் முனையில் உப்புப் படிந்து அடைக்கும். பழுதுபார்க்க ஆள் பக்கத்தில் இல்லையென்றால் டோசர் வெறும் காட்சிப்பொருள்.

பொறுப்பான ஆபரேட்டர் உள்ள ஒற்றைத் தொட்டி ஊருக்கு என் ஓட்டு பவுடருக்கே. தொட்டிகள் பல, ஆள் ஒருவர் என்றால் டோசர் சரி. எதுவானாலும் கடைசித் தெருக்குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். தொட்டியடிக் குழாயில் பார்த்தால் போதாது.