இந்திய மிக்ஸியா, அமெரிக்க பிளெண்டரா?

அமெரிக்காவுக்குக் குடிபோகிறவர்கள் பெட்டி கட்டும்போது தவறாமல் எழும் கேள்வி இது: மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போவதா, அங்கே போய் ஒரு பிளெண்டர் வாங்கிக்கொள்வதா? வாட் கணக்கு பார்த்தால் பிளெண்டர்தான் ஜெயிக்கும். நம்மூர் மிக்ஸி பெரும்பாலும் 750 வாட், விட்டாமிக்ஸ் என்கிற அமெரிக்க பிளெண்டர் 1,400 வாட் அளவில் இருக்கிறது. அரைமூடித் தேங்காயைச் சட்னியாக்குவதில் மட்டும் அந்தக் கணக்கு எடுபடாது.

அரை கப் துருவல், இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை, இரண்டு பச்சை மிளகாய், கால் கப் தண்ணீர். இதை 64 அவுன்ஸ் (1.9 லிட்டர்) பிளெண்டர் ஜாரில் போட்டால் முதல் சுற்றிலேயே எல்லாம் சுவரில் அப்பிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும். கூடவே கொடுக்கும் தள்ளுகோல் இவ்வளவு குறைந்த அளவுக்குப் பயன்படாது. வேறு வழியில்லாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் சட்னி நீர்த்துப்போகும். மிக்ஸியின் 400 மில்லி சட்னி ஜாரில் பிளேடு அடியை ஒட்டியே சுழல்வதால், அடியில் கிடக்கும் கொஞ்சமும் அதற்குச் சிக்கும். பல்ஸில் இரண்டு மூன்று முறை விட்டு, ஓரத்தை வழித்துவிட்டு, மறுபடி இருபது முப்பது விநாடி ஓட்டினால் போதும்.

இரண்டும் பிறந்த காரணமே வேறு. விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீஃபன் பொப்லாவ்ஸ்கி 1922இல் அடியில் பிளேடு வைத்த பாத்திரத்தை உருவாக்கியது மால்ட் கலந்த பால் அடிக்க. மும்பையில் பொறியாளர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியை உருவாக்கியது, வீட்டிலிருந்த ஜெர்மன் மெஷின் நம் அரவைக்குத் தாங்காமல் எரிந்துபோனதால்.

பிளெண்டர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஐஸ் போட்ட ஸ்மூத்தி, பாதாம் பால், நாலு பேருக்குத் தக்காளி சூப் என்றால் மிக்ஸி கிட்டே வர முடியாது. ஆனால் பிளெண்டரின் வேகம் மாவைச் சூடாக்கும். விட்டாமிக்ஸில் ஐந்தாறு நிமிடம் ஓட்டியே சூப்பை ஆவி பறக்க வைக்கலாம் என்றால், உளுந்தின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள். இட்லி மாவை அதில்தான் அரைத்தாக வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீர் விட்டு, நிமிடத்துக்கொரு முறை நிறுத்தி அரையுங்கள். மஞ்சள், மிளகாய் வற்றல், வெந்தயம் மாதிரி காய்ந்த சாமான்களைப் பிளாஸ்டிக் ஜாரில் போட்டால் கீறல் விழுந்து மங்கும், மஞ்சள் கறையும் போகாது. நியூட்ரிபுல்லட் மாதிரி கவிழ்த்து வைக்கும் கப்பில் சட்னி ஓரளவு வரும். ஆனால் வதக்கிய வெங்காயம் தக்காளியை நன்றாக ஆறவிட்டே போட வேண்டும். மூடிய கப்புக்குள் சூட்டில் அழுத்தம் ஏறினால் திறக்கும்போது முகத்தில் தெறிக்கும்.

பிளெண்டர் அட்டையில் "3 ஹெச்பி" (குதிரைத்திறன்) என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அங்கே வீட்டு பிளக்கின் சர்க்யூட் வழக்கமாக 120 வோல்ட், 15 ஆம்பியர். முழுசாக இழுத்தாலும் 1,800 வாட், அதாவது 2.4 ஹெச்பி. மீதி விளம்பரம்.

அடுத்தது வோல்ட். 230 வோல்ட் மிக்ஸியை வெறும் பின் அடாப்டர் போட்டு அங்கே செருகினால் உடனே எரியாது. பாதி வேகத்தில் முனகும். கெட்டியாக ஏதாவது போட்டதும் பிளேடு நின்றுவிடும். நின்ற பிறகும் சுவிட்சை அணைக்காமல் விட்டால் மோட்டார் சூடேறிக் கருகல் வாடை வரும். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான், ஆனால் கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். கல் மாதிரி கனக்கும் அதைச் சுமப்பதைவிட, ப்ரீத்தி போன்ற கம்பெனிகள் அமெரிக்காவுக்கென்றே செய்யும் 110 வோல்ட் மாடலை வாங்குவது புத்திசாலித்தனம். 550 வாட்தான் என்று தயங்க வேண்டாம். மூன்று நான்கு பேர் குடும்பத்தின் சட்னி, மசாலாவுக்கு அது தாராளம். லீவுக்கு ஊருக்கு வரும்போது மட்டும் அதைக் கொண்டுவந்து 230 வோல்டில் செருகிவிடாதீர்கள். அத்தோடு முடிந்தது.

வெட் கிரைண்டர் கதை வேறு. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60 ஹெர்ட்ஸ். மிக்ஸி மோட்டாருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம்மூர் கிரைண்டர் அங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். அல்ட்ரா மாதிரி கிரைண்டர்கள் 110 வோல்டிலேயே அங்கு கிடைக்கின்றன, அதையே வாங்குங்கள்.

110 வோல்ட் மிக்ஸி எடுத்துப் போகிறவர்கள் அதே மாடலுக்கான கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் துண்டு) இரண்டு, மூடி வாஷர், மோட்டாருக்கான கார்பன் பிரஷ் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜார் இறுகிக்கொண்டால் முதலில் தேய்வது கப்ளர்தான். மோட்டாரைக் காப்பாற்றத்தான் அதை மெத்தென்று செய்திருக்கிறார்கள். பல மாடல்களில் அதன் மரை தலைகீழ், கழற்றும்போது பலம் போடாமல் திசை பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் அடியிலுள்ள சிவப்புப் பட்டனை உடனே அமுக்காதீர்கள். ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவைத்து அமுக்குங்கள். ஸ்டீல் ஜாரை டிஷ்வாஷரில் போட்டால் பிளேடு தண்டைத் தாங்கும் புஷ் கெட்டு அடியில் ஒழுகத் தொடங்கும். மரச்சட்டத்தில் கட்டிய அபார்ட்மெண்ட் என்றால் அடியில் தடித்த ரப்பர் பாய் ஒன்று போடுங்கள், கீழ்வீட்டுக்காரர் தூக்கம் கெடாது. பிளேடோடு இருக்கும் ஜார்கள் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.