ஐந்து சந்திப்பு, தலா 90 நிமிடம்: பி.எம். பிளஸ் திருகோணமலைக்குச் சரிவருமா?

மனச்சோர்வு, பதகளிப்பு, ஓயாத யோசனை என்று வருபவருக்கு, வைத்தியர் அல்லாத ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் கொடுக்கக்கூடிய உளவளத்துணை முறைதான் பி.எம். பிளஸ் (Problem Management Plus). உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டது. கைநூலை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மூச்சுப் பயிற்சி, பிரச்சினையைக் கையாளல், விட்டுப்போன வேலைகளை மீண்டும் தொடங்கல், ஆள்துணையைக் கூட்டல் என்று நான்கு உத்திகள். பாகிஸ்தானின் பெஷாவரில் 346 பேரிடம் செய்த ஆய்வில், மூன்று மாதம் கழித்தும் பதகளிப்பும் சோர்வும் குறைந்திருந்தன.

நான்கிலும் பெறுமதியானது இரண்டாவது. பிரச்சினைகளை எழுதி, தீர்க்கக்கூடியது, தீர்க்க ஏலாதது, முக்கியமில்லாதது என்று பிரிக்க வேண்டும். பிறகு தீர்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக் குறுக்க வேண்டும். "கடன்" என்று எழுதினால் ஒன்றும் நகராது. "செவ்வாய்க்கிழமை நுண்கடன் தவணைக்கு 2,500 ரூபாய் குறைகிறது" என்று எழுதினால் நகரும். அதற்குச் செய்யக்கூடியது எல்லாவற்றையும், நல்லது கெட்டது பார்க்காமல், வந்தவரே சொல்ல வேண்டும். அதில் ஒன்றைத் தெரிந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரோடு என்பது வரை குறித்துக்கொண்டு போக வேண்டும். அடுத்த வாரம் அது நடந்ததா என்று பார்ப்பதும் இந்த முறையிலேயே அடங்கும்.

இங்கேதான் இதைக் கொடுக்கும் எங்கள் உதவியாளர்கள் பிழை விடுகிறார்கள். வந்தவர் அழுதால் மனம் பொறுக்காமல், "யோசிக்காதீங்க அக்கா, எல்லாம் சரியாப் போயிரும்" என்று புத்திமதி தொடங்கிவிடும். கைநூல் அதைத் தெளிவாகத் தடுக்கிறது, காரணத்தோடுதான். புத்திமதியையே நம்பிப் பழகினால், வந்தவர் தன் பிரச்சினையைத் தானே கையாளப் பழகமாட்டார்.

மூச்சுப் பயிற்சி சின்ன விஷயம் போல இருக்கும். மூன்று எண்ணி உள்ளே, மூன்று எண்ணி வெளியே, வயிறு பலூன் போல எழும்பித் தாழ வேண்டும். ஆழமாக, வேகமாக இழுத்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், பயம் கூடும். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் மட்டும் செய்து பார்ப்பவருக்கு அது கைகொடுக்காது. சும்மா இருக்கும்போதே தினமும் பழக வேண்டும்.

குறைகளும் உண்டு. கூட்டமான வீட்டில் 90 நிமிடம் தனியே கதைக்க இடம் கிடைப்பது கஷ்டம். மாவட்டத்தின் தெற்குக் கோடியிலுள்ள வெருகல் பக்கமிருந்து பஸ்சில் வருபவருக்கு ஐந்து வாரம் என்பது ஐந்து நாள் கூலி. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் துயரத்தை "தீர்க்க ஏலாதது" என்ற பக்கத்தில் எழுதுவது உதவியாளருக்கே கை நடுங்கும் காரியம். அந்த இடத்துக்கு இந்த ஐந்து சந்திப்பு முறை போதாது. நீண்ட துணை வேண்டும், மற்றத் தாய்மாரோடு கூடியிருக்கும் குழுவும் வேண்டும்.

தற்கொலைத் திட்டம் வைத்திருப்பவர், இல்லாத குரல் கேட்பவர், கடுமையாகக் குடிப்பவர் ஆகியோருக்கு இது உரியதல்ல. அவர்களை வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு உடனே கூட்டிப்போங்கள். ராத்திரியானால் தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்ணான 1926க்கு எடுங்கள். கைநூலை வாசித்துவிட்டு மட்டும் யாரும் இதைத் தொடங்க வேண்டாம். வகுப்புப் பயிற்சியே சுமார் 80 மணித்தியாலம், அதன் பிறகும் மேற்பார்வையாளர் ஒருவர் தொடர்ந்து வேண்டும்.