ஃப்ரீ அப்கிரேடு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: பில்லிங் சாஃப்ட்வேர், சர்வர் விஷயத்தில் நான் ஏமாந்த கதை

கும்பகோணத்தில் மருந்து ஹோல்சேல் செய்கிறேன். ஆறு கம்ப்யூட்டர், அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக டேட்டா இருக்கும் ஒரு சர்வர் உள் அறையில். சுற்றுவட்டார மெடிக்கல் கடைகளுக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு, நூறு பில் போகும். என்னைப் போல சர்வர் வைத்து பில் போடுகிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மக்களுக்கு நல்ல விஷயம். எங்களுக்கு அந்த வாரம் முழுக்கத் தலைக்கு மேல் வேலை. கம்பெனிகள் திருத்திய விலைப்பட்டியலை அனுப்பிக்கொண்டே இருந்தன. அந்தச் சமயம் பார்த்து எங்கள் சாஃப்ட்வேர் டீலர் போன் செய்தார். "சார், பழைய வெர்ஷனில் புது வரி எடுக்காது. புது வெர்ஷன் போட்டே ஆகணும். ஏ.எம்.சி. இருக்கிறதால உங்களுக்கு ஃப்ரீ." (ஏ.எம்.சி. என்றால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்.) சர்வர் போதுமா என்று கேட்டேன். "அதெல்லாம் தாராளமா ஓடும் சார்" என்றார். நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதையும் வாய்மொழியாகக் கேட்டேன், எழுத்தில் வாங்கவில்லை.

21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பையன் வந்து போட்டுவிட்டுப் போனான். திங்கள் காலை ஒன்பதரைக்குக் கவுண்டரில் முதல் பில். மருந்தின் பெயரை அடித்தால் பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எல்லாம் வர முன்பு ஒரு நொடி ஆகும். அன்றைக்குப் பதினொரு நொடி. இருபது ஐட்டம் உள்ள பில் என்றால் யோசித்துப் பாருங்கள். ஆறு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததும் திரை வெள்ளையாகி நின்றுவிட்டது. மன்னார்குடி பஸ்ஸில் போக வேண்டிய இன்சுலின் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கட்டி முடித்தாகிவிட்டது, பில் மட்டும் வரவில்லை. பஸ் போய்விட்டது. பெட்டியைப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மதியம் புது ஐஸ் பேக்கோடு அனுப்பினோம். அந்தக் கடைக்காரர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை, "ஒரு பேஷன்ட் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கார் அண்ணே" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் மனதில் இருக்கிறது.

டீலருக்குப் போன் போட்டால், "சார், உங்க சர்வரில் 8 ஜி.பி. ரேம்தானே இருக்கு, புது வெர்ஷனுக்குக் குறைந்தது 32 வேணும்" என்றார். ரேம் என்பது ஓடுகிற வேலைக்கான டேட்டாவை கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் நினைவகம். வந்து பார்த்துவிட்டுப் போட்டது அவர்கள் ஆள்தான். சரி, பழைய வெர்ஷனுக்கே மாற்றிக் கொடுங்கள் என்றேன். முடியாது என்றார்கள். இது மட்டும் உண்மை. எங்கள் டேட்டா முன்பு எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் 2014 வெர்ஷனில் இருந்தது, அப்கிரேடில் 2019-க்கு மாற்றிவிட்டார்கள். புதியதற்கு ஏற்றிய டேட்டாபேஸைத் திரும்பப் பழையதில் ஏற்ற முடியாது. ஞாயிறு காலை எடுத்த பேக்கப்பைப் போடலாம், ஆனால் அதற்குப் பிறகு போட்ட பில்களை எல்லாம் கையால் மறுபடி அடிக்க வேண்டும். இப்படி ஒரு வழிப்பாதை என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பழைய கம்ப்யூட்டரில் காப்பியை ஏற்றி நான்கு நாள் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் அவர்களிடமே ரேம் வாங்கினேன், 24,000 ரூபாய். பதினொரு நொடி ஒன்பது ஆனது, அவ்வளவுதான். மறுபடி கேட்டதற்கு, "நீங்க வச்சிருக்கிறது ஃப்ரீயா வர்ற எக்ஸ்பிரஸ் எடிஷன் சார், ஸ்டாண்டர்டு லைசென்ஸ் வாங்கணும்" என்று இரண்டு லட்சத்தை நெருங்கும் ஒரு கொட்டேஷன் அனுப்பினார்கள். எஸ்.க்யூ.எல். சர்வரின் இலவசப் பதிப்புதான் எக்ஸ்பிரஸ், காசு கொடுத்து வாங்குவது ஸ்டாண்டர்டு.

அப்போதுதான் திருச்சியிலிருந்து என் அக்கா மகன் வந்தான். அவனுக்கு இதுதான் வேலை. எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரை சர்வரில் திறந்து காட்டினான். 32 ஜி.பி.யில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஹார்டு டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. "மாமா, எக்ஸ்பிரஸ் எடிஷன் டேட்டாவை நினைவில் வைக்க 1410 எம்.பி.தான் எடுத்துக்கும். நீங்க 32 போட்டாலும் 64 போட்டாலும் அதேதான்" என்றான். எங்கள் டேட்டா 7 ஜி.பி. புது வெர்ஷன் பழைய வருட பில்களையும் ஒவ்வொரு தடவை துழாவுகிறது. நினைவில் கொள்ளாததை எல்லாம் சுற்றுகிற டிஸ்க்கில் போய்த் தேடுகிறது. எக்ஸ்பிரஸ் எடிஷனை ஏற்றியதே அந்த டீலரின் ஆட்கள்தான். அதன் ரேம் வரம்பு அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தே என்னிடம் ரேமை விற்றிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சுற்றாத, வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. இரண்டு வாங்கி, அடுத்த ஞாயிறு அவனே மாற்றிக் கொடுத்தான். 8,600 ரூபாய். இப்போது இரண்டு நொடிக்குள் வருகிறது. பழைய வேகம் இல்லை, ஆனால் பஸ்ஸுக்குப் பார்சல் போகிறது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பக்கத்துத் தெருவில் அதே சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனை வைத்திருக்கிற நண்பர், ஐட்டம் மாஸ்டரில் (மருந்துகளின் பட்டியல் இருக்கும் பக்கம்) வரி விகிதத்தை மாற்றிவிட்டு 22-ஆம் தேதியே பில் போட்டிருக்கிறார். புது வரி எடுக்காது என்றது பொய்.

உங்களுக்கும் இப்படிப் போன் வரும். எந்த விண்டோஸ், எந்த டேட்டாபேஸ், எந்த எடிஷன், எவ்வளவு ரேம், எந்த டிஸ்க் என்று மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அத்தனை கம்ப்யூட்டரும் ஓடும்போது வேகம் குறைந்தால் யார் செலவு என்பதையும் அதிலேயே கேளுங்கள். பதில் வராமல் சர்வர் அறைப் பக்கமே ஆளை விடாதீர்கள். ஏதாவது வாங்கச் சொன்னால், எது திணறுகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளையும் சேவையையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளியே வைக்கிறது, சொந்தப் பிழைப்புக்குத் தானே உழைத்து நடத்துகிறவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆள் வைத்து நடத்துகிற என் கடை அதில் வருமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். ரேமைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரச் சொல்லிப் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதமும் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வந்துவிட்டது, பதில் வரவில்லை. மார்ச்சில் ஏ.எம்.சி. முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிக்கப் போவதில்லை.