ஏஸ் அட்டர்னி முடிந்ததும் எது: ஓப்ரா டின்னா, கோல்டன் ஐடலா?

வழக்கறிஞராக வாதாடும் வீடியோ கேம் தொடரான ஏஸ் அட்டர்னியில் சாட்சியின் பொய்யை ஆதாரம் காட்டி உடைப்பதுதான் சுகம். அதே சுகத்தை வசனம் குறைவாக, மூளைக்கு வேலை அதிகமாகத் தருபவை இந்த இரண்டு துப்பறியும் கேம்களும்.

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) கப்பலில் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார், கொன்றவர் யார் என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். மூன்று பேரின் விவரம் முழுக்கச் சரியானால்தான் அவை சரி என்று கேம் உறுதி செய்யும். இரண்டு தெரிந்துவிட்டால் மூன்றாவதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் விளையாட்டின் உயிரே போய்விடும். பெயர் சிக்கவில்லையா? தொங்கு படுக்கையில் உள்ள எண்ணைப் பாருங்கள். மாலுமிப் பட்டியலின் வரிசை எண் அதுதான். பேச்சின் உச்சரிப்பு நாட்டைக் காட்டிக்கொடுக்கும், அதனால் ஹெட்போன் அவசியம். இடையில் ஒரு வாரம் விட்டால் முகங்கள் மறந்துவிடும்.

தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் (2022) உறைந்த காட்சிகளாக நகர்கிறது. சட்டைப்பை, கடிதம், சுவர் எல்லாவற்றையும் கிளிக் செய்து சொற்களைச் சேர்த்து, கோடிட்ட இடங்களை நிரப்பினால் வழக்கு முடியும். இரண்டோ அதற்குக் குறைவாகவோ பிழை இருந்தால் அதையும் சொல்லிவிடும். 12 மரணங்களையும் தனித்தனியாக முடிக்கலாம் என்பதால் நேரம் குறைவானவர்களுக்கு இதுவே தோது.

தொடர்ந்து சில மாலைகள் ஒதுக்க முடிந்தால் ஓப்ரா டின்னையே முதலில் எடுங்கள். விடை தெரிந்தபின் அதை மறுபடி புதிதாக ஆட முடியாது, ஆகவே வழிகாட்டிக் காணொளிகள் பக்கம் போகவே வேண்டாம்.