கிழட்டுப் பூனைக்குத் தைரொயிட்: குளிசையா, சாப்பாடா, சத்திரசிகிச்சையா?

“வயசு போட்டுது, மெலியத்தானே செய்யும்.” யாழ்ப்பாணத்தில் பத்து வயது கடந்த பூனையின் கதையை இப்படித்தான் முடித்துவிடுகிறோம். ஆனால் தட்டை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிற பூனை மெலிந்துகொண்டே போனால் அதை முதுமை என்று விடக்கூடாது. சத்தி, அதிக தண்ணீர்த் தாகம், இரவில் வீடு முழுக்க அலைச்சல் எல்லாம் சேர்ந்தால் முதல் சந்தேகம் தைரொயிட் மிகைச் சுரப்பு, அதாவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி ஹோர்மோன் சுரப்பது. சலரோகமும் சிறுநீரகக் கோளாறும் இதே மாதிரித் தோன்றும் என்பதால் சோதிக்காமல் மருந்து தொடங்கக் கூடாது.

மிருக வைத்தியர் பூனையின் தாடையை உயர்த்தி, மூச்சுக்குழாயின் இருபக்கமும் இரண்டு விரல்களால் மேலிருந்து கீழே தடவுவார். வீங்கிய சுரப்பி இருந்தால் சின்னக் கட்டியாக விரலுக்கடியில் வழுக்கும். மிகப் பெரும்பாலும் அது புற்றுநோயல்ல.

அடுத்தது இரத்தம். இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். மனிதருக்கான லாப்பில் வழக்கமாகச் செய்யும் ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) சோதனை மனித ஹோர்மோனுக்கென்றே செய்யப்பட்டது. பூனைக்கு அதை நம்ப முடியாது. கேட்க வேண்டியது மொத்த ரி4, அதாவது தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனின் அளவு. அறிக்கையில் அச்சடித்திருக்கும் ‘சாதாரண அளவு’ம் மனிதருக்குரியதே. பூனைக்கு மேல் எல்லை லீற்றருக்குச் சுமார் 60 நனோமோல். மனிதரில் 85 கூடச் சாதாரணம். ஆகவே 85 வந்த நோயாளிப் பூனையை அந்தத் தாள் சுகதேகியாகக் காட்டிவிடும். எல்லையில் நின்றால் சில கிழமை கழித்துத் திரும்பச் செய்யவேண்டும்.

சிகிச்சையில் உலகளவில் முதலிடம் கதிரியக்க அயடினுக்கு. ஒரே ஊசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பூனைகள் வரை குணமாகும். ஆனால் சிறப்பு நிலையமும் தனிமைப்படுத்தலும் வேண்டும். நம் வீடுகளுக்கு எட்டாத காரியம். சத்திரசிகிச்சையும் குணமாக்கும். பக்கத்திலுள்ள பரதைரொயிட் சுரப்பிகள் சேதமானால் கல்சியம் விழுந்து வலிப்பு வரலாம்; கிழட்டு இதயத்துக்கு மயக்கமருந்தும் பாரம்.

சுரப்பி ஹோர்மோன் செய்யத் தேவையான அயடினைக் குறைத்த விசேட சாப்பாடு கேட்க நல்லாயிருக்கும். அதைத் தவிர வேறொன்றும் வாயில் படக்கூடாது என்பதுதான் நிபந்தனை. சூடை மீன் தலையும் நெத்தலிக் கருவாடும் தின்று வளர்ந்து, வேலி தாண்டி அயல் வீட்டுக் குசினிக்கும் போய்வரும் பூனைக்கு இது நடக்குமா? கடல் மீனில் அயடின் நிறைய. நாட்டில் 1995 முதல் உப்பிலும் அது கட்டாயம். கூண்டுக்குள் இல்லாத பூனைக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

என் தெரிவு குளிசைதான். மனிதருக்குக் கொடுக்கும் கார்பிமசோல் பூனையின் உடலுக்குள் மெதிமசோலாக மாறி ஹோர்மோன் உற்பத்தியைத் தடுக்கும். மீன் சதைத் துண்டுக்குள் பொதிந்து கொடுக்கலாம். அளவை மிருக வைத்தியரே சொல்லவேண்டும். வீட்டில் ஆருக்கோ எழுதிய துண்டைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். கட்டியைக் குணமாக்காது, ஆயுள் முழுக்கக் கொடுக்கவேண்டும் என்பது குறைதான். ஆனால் இதன் பெரிய பலம், நிறுத்தலாம் என்பது. மிகைச் சுரப்பு சிறுநீரகத்துக்கு இரத்தத்தை வேகமாகத் தள்ளி அதன் பலவீனத்தை மறைத்து வைத்திருக்கும். ரி4 இறங்கியதும் அது வெளியே தெரியும். குளிசை என்றால் அளவைக் குறைக்கலாம். வெட்டிய சுரப்பியைத் திரும்ப வைக்க முடியாது.

தொடங்கி இரண்டு, மூன்று கிழமையில் ரி4, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின், வெண்குருதிக் கலங்கள் மூன்றையும் சோதியுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் பூனை முகத்தைப் புண்ணாகும்வரை சொறிந்தாலோ, சாப்பாட்டை அடியோடு மறுத்தாலோ, அடுத்த குளிசையைக் கொடுக்காமல் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.